சொன்னால் போதுமா?

உங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கிக் கொண்டிருக்கும். அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் போட்டிருக்கும். ஒரு நிமிஷம் கிட்டப் போய்ப் படித்துப் பாருங்கள். அங்கே 'சிவகாசி' என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகத்தின் அட்டை, சுவரொட்டி, தீப்பெட்டிப் படம், பட்டாசுப் பெட்டியின் பல வர்ண லேபிள் எல்லாம் அந்தக் கரிசல் சீமையில் அச்சாகி நாலா திசைக்கும் போகின்றன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே என்று வளர்ந்த அச்சுத் தொழில், பிறகு தேசத்துக்கே அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கி விட்டது.

ஊருக்கெல்லாம் சேதி அச்சடித்துக் கொடுக்கும் இந்தச் சீமைக்கு, அதற்கு வேண்டிய சேதி எப்படி வந்து சேர்ந்தது? "குழந்தையை வேலைக்கு அனுப்பாதே", "மருந்தறையில் கூட்டம் சேராதே", "தீப் பிடித்த இடத்துக்கு ஓடாதே" - இவற்றையெல்லாம் யார், யாருக்குச் சொன்னார்கள்? கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?

நல்ல விஷயத்தை நாலு பேர் காதில் போட்டு அவர்களுடைய வாழ்க்கையை மேம்படுத்துவதற்கு இந்த நாளில் ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள்: 'சமூக மாற்றத்துக்கான தகவல் பணி' என்று. அதற்கென்று படிப்பு உண்டு, உத்தியோகமும் உண்டு. பெயர்தான் புதிது. வேலை பழையது. விருதுநகர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகவே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு பிடி அரிசி

விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்று ஒரு பள்ளிக்கூடம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் தோன்றியது. வியாபாரிகள் தங்கள் வியாபாரத்திலிருந்து கொடுத்த மகமைப் பணம் அதற்கு ஆதாரம். ஆனால் ஊரார் அதைப் 'பிடி அரிசிப் பள்ளிக்கூடம்' என்று அழைத்ததற்குக் காரணம் வேறு. உலையில் போட அரிசி எடுக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அந்த அரிசியைச் சேகரித்துப் பள்ளிக்கூடத்தின் செலவுக்கு உதவுவார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

இந்த ஏற்பாட்டை இன்றைய பிரசார நிபுணர் ஒருவரிடம் காட்டினால் அவர் எழுந்து கும்பிடு போடுவார். "கல்வியே கண்" என்று தோரணம் கட்டியிருந்தால், படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கேயோ ஒவ்வொரு வீட்டுப் பெண்மணிக்கும் தினந்தோறும் செய்ய ஒரு காரியம் கிடைத்தது. ஏழை வீட்டிலும் முடிந்தது. பணக்கார வீட்டிலும் முடிந்தது. அடுப்படியில் அரிசிப் பானைக்குக் கை போகும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தின் ஞாபகம் வந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் 1954ல் முதல் மந்திரியானார். 1956ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்" என்று மேடை மேடையாகச் சொன்னவர்கள் அவருக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. பிள்ளையின் பசிக்கு என்ன செய்வது என்று ஏழைத் தாய் கேட்கும் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னதால், காமராஜர் சொன்னது காதில் ஏறியது. கல்வித் துறையின் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோதும் இதே வழிதான். பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊராரிடமே கேட்டார்கள். ஒருவர் நாற்காலி கொடுத்தார். ஒருவர் கட்டடத்துக்கு இடம் கொடுத்தார்.

இரண்டு கணக்குகள்

ஆனால் அதே ஜில்லாவில், பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் பல்லாயிரம் குழந்தைகள் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் மறைக்க முடியாத உண்மை.

1923ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்த வறண்ட பூமி விவசாயிக்குச் சத்துரு. ஆனால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அதுவே உற்ற நண்பன். தொழில் வளர்ந்தது. பஞ்சம் பிழைக்க வெளியூர் போக வேண்டிய ஜனங்களுக்கு வாசலிலேயே வேலை கிடைத்தது. 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப் பெயரும் கிடைத்தது.

கூடவே இன்னொன்றும் வந்தது. சட்டத்தில் குச்சி அடுக்குவதை அங்கே 'கட்டை அடுக்குவது' என்பார்கள். அதற்குச் சின்ன விரல்கள்தான் தோது என்று ஆயிற்று. விடிவதற்கு முன்பே ஆலை வண்டி கிராமம் கிராமமாக வந்து நிற்கும். தூக்கக் கலக்கம் தீராத குழந்தைகளைத் தாய்மார்கள் ஏற்றி விடுவார்கள். இருட்டிய பிறகுதான் அவர்கள் வீடு திரும்புவார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று ஊரில் கௌரவமாகச் சொல்லிக்கொண்ட இடத்துக்கு, எட்டு வயசு உத்தியோகஸ்தர்கள் இப்படிப் போய் வந்தார்கள்.

உள்ளூரில் இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. தினமும் கண்ணெதிரே நடப்பது சேதி ஆகாது, அவ்வளவுதான். 1983ல் ஸ்மிது கோத்தாரி என்ற ஆராய்ச்சியாளர், பம்பாயிலிருந்து வெளியாகும் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தீக்குச்சிகளில் இரத்தக் கறை இருக்கிறது என்ற பொருளில் தலைப்பு. 1980களில் வெளியான மதிப்பீடுகள் இந்த வட்டாரத்தில் சுமார் 45,000 குழந்தைகள் வேலை செய்வதாகச் சொல்லின.

இன்னொரு கணக்கும் உண்டு. 1985 டிசம்பர் 31 அன்று பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் குழந்தைகள் 2,941 பேர் என்று சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

45,000 எங்கே, 2,941 எங்கே? இரண்டும் ஒரே பொருளை எண்ணியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னது பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகளின் ஏட்டை மட்டும் பார்த்தது. பதிவில்லாத பட்டறைகளையும், பட்டாசு வேலையையும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய குழந்தைகளையும் எந்த ஏட்டில் தேடுவது? ஏட்டுக்கு வெளியே இருக்கும் மனிதர்களைக் கணக்கில் கொண்டு வருவதுதான் இந்தப் பணியில் ஈடுபட்டவர்களுடைய முதல் கடமை. கோத்தாரி போன்றவர்கள் அதைச் செய்தார்கள்.

எழுத்து எட்டாத இடத்துக்குப் படம் போயிற்று. 1990ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற செய்திப் படத்தை எடுத்தார். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் போகும் குழந்தைகளின் நாள் எப்படிக் கழிகிறது என்பதை, வெகு தூரத்தில் இருந்தவர்களும் கண்ணால் பார்த்தார்கள்.

கோர்ட்டு படித்த பத்திரிகை

1986ல் எம். சி. மேத்தா என்ற வக்கீல், சிவகாசிக் குழந்தைகளுக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். அதே வருஷம் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தது. 1990ல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தீப்பெட்டி தயாரிக்கும் வேலையில் குழந்தைகளை நேரடியாக ஈடுபடுத்தக் கூடாது. ஆபத்தான இடத்துக்கு எட்ட இருந்து 'பாக்கிங்' வேலை வேண்டுமானால் செய்யலாம். தொழிலாளருக்கு 50,000 ரூபாய் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லி முடித்தது.

வழக்கு அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1991ல் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் பயங்கர விபத்து நேர்ந்து, அந்தச் செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. இறந்தவர்கள் 39 பேர் என்று ராஜ்ய சர்க்கார் பின்னர் தெரிவித்தது. யாரும் புதிதாக மனுப் போடவில்லை. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து நீதிபதிகள் தாமாகவே வழக்கை மறுபடி கையில் எடுத்தார்கள். வக்கீல்கள் அடங்கிய குழு ஒன்றை நேரே அனுப்பி, கண்டதை எழுதி வரச் சொன்னார்கள்.

1996 டிசம்பர் 10ந் தேதி வந்த தீர்ப்பு சிவகாசியோடு நிற்கவில்லை. ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை வைத்திருக்கும் தேசம் முழுவதையும் பிடித்தது. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கார் வேலைக்கு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். நிதியிலிருந்து வரும் வருமானம் அந்தக் குடும்பத்துக்கு. குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரையில்தான் அது கிடைக்கும். போகாவிட்டால் நின்று விடும்.

தீர்ப்பில் சொன்ன பணமெல்லாம் வசூலாகி விடவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் நீதிபதிகளின் யோசனையைப் பாருங்கள். "குழந்தையை வேலைக்கு அனுப்பாதே" என்ற வாக்கியத்தோடு, "அந்தக் கூலிக்குப் பதில் இதோ" என்ற இரண்டாவது வாக்கியத்தையும் அவர்கள் எழுதினார்கள். பிடி அரிசியும் மதிய உணவும் போட்டுக் கொடுத்த பாதைதான் அது.

தெரு விளக்கின் அடியில்

பெரிய இடத்துத் தீர்ப்பு டில்லியில் வந்து விட்டது. சாத்தூருக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும் தாய்க்கு அது எப்படிப் போய்ச் சேரும்? அவளுக்கு எழுத்துத் தெரியாதே!

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழகத்தில் ஜில்லா ஜில்லாவாகப் பரவியது. புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களைப் பற்றி உலகமே பேசிற்று. விருதுநகர் அப்போது காமராஜர் மாவட்டம். அங்கேயும் தொண்டர்கள் சாயங்காலத்தில், வேலை முடிந்து வந்த ஆண் பெண்களைத் தெரு விளக்கின் அடியில் உட்கார வைத்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டும் தெரு நாடகமும் முன்னால் போக, பாடம் பின்னால் வந்தது.

அப்படி ஒரு வகுப்பில் இந்த மாதிரி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக் கொள்வோம்:

"அக்கா, புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாதா?"

"அனுப்பலாம் தம்பி. அது கட்டை அடுக்கிக் கொண்டாற காசுக்கு நீ வழி சொல்லு."

தொண்டர் என்ன பதில் சொல்லுவார்? பேசாமல் இருப்பார். அக்காவே தொடர்ந்து, "அது கிடக்கட்டும் தம்பி. மொதல்ல எனக்குக் கணக்குப் பாக்கச் சொல்லிக் குடு. கூலிச் சீட்டுல எத்தனை கட்டைன்னு எழுதியிருக்குன்னு நானே பாக்கணும்" என்பாள்.

அக்கா ஒரு பெரிய உண்மையைச் சொல்லி விட்டாள். சேதி சொல்லப் போகிறவர் முதலில் சேதி கேட்க வேண்டும். அவளுக்கு இன்று வேண்டியது கூலிச் சீட்டுக் கணக்கு. அதைக் கற்றுக் கொடுத்தவர் நாளைக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பாள்.

1987ல் வகுத்த தேசியக் கொள்கையின்படி, 1988 முதல் குழந்தைத் தொழிலாளர்களுக்கென்று தனிப் பள்ளிகள் நடத்தும் திட்டம் தேசத்தில் ஒன்பது ஜில்லாக்களில் தொடங்கியபோது, சிவகாசி வட்டாரமும் அதில் இருந்தது. சட்டம் ஒரு பக்கம், பள்ளிச் சாப்பாடு ஒரு பக்கம், படித்த தாய்மார் ஒரு பக்கம், பத்திரிகைகளின் கண் ஒரு பக்கம் என்று நாலு பக்கமும் நெருக்கியதில், குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன விடியற்கால வண்டிகள் மெல்ல மெல்ல மறைந்தன. இன்று அந்தக் குழந்தைகளின் குழந்தைகள் கல்லூரிக்குப் பஸ் ஏறுகிறார்கள். 2016ல் திருத்திய சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்களை வெடிமருந்துத் தொழிலில் சேர்ப்பதே குற்றம்.

போய்ச் சேராத சேதி

வெற்றியை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் ஆகும்.

2012 செப்டம்பர் 5. சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப் பிடித்தது. புகை எழுந்ததைக் கண்டு சுற்று வட்டாரத்து ஜனங்கள் ஓடினார்கள். உதவி செய்ய ஓடியவர்கள் உண்டு. என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடியவர்களும் உண்டு. அவர்கள் கிட்டே போய்ச் சேர்ந்த சமயத்தில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. நாற்பது பேரளவில் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர்.

பட்டாசு ஆலையில் முதல் புகையோடு காரியம் முடிவதில்லை. ஓர் அறையில் பிடித்த தீ, மருந்தும் முடிந்த சரக்கும் இருக்கும் அறைக்குப் போகச் சிறிது நேரம் ஆகும். அந்தச் சிறிது நேரத்தில்தான் ஜனங்கள் கூடுகிறார்கள். "புகையைக் கண்டால் எட்டப் போ, தீயணைப்புக்காரருக்குச் சொல்லு" என்ற ஒரு வரி, அந்த ஊர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும்போது எட்டப் போ என்பது கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். அதனாலேயே அதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. தீப் பிடித்த பிறகு யார் காதிலும் அது ஏறாது.

ஆலைக்குள்ளே எழுதி மாட்டியிருக்கும் எச்சரிக்கைகளின் கதையும் யோசிக்கத் தக்கது. ஒரு வேலை அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இரும்புக் கருவி ஆகாது, பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும், பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது, அவசரம் கூடாது. எல்லாம் சரியான விதிகள். உராய்வில் எழும் ஒரு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. ஆனால் எண்ணிக்கைக்குத் தக்க கூலி வாங்குகிறவருடைய காதில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. பலகை "மெள்ளச் செய்" என்கிறது. கூலி "வேகமாகச் செய்" என்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க எந்தக் குரல் ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை. பலகையை இன்னும் பெரிதாக எழுதுவதால் மட்டும் அவை நின்று விடமாட்டா. பலகை சொல்வதையே கூலியும் சொல்ல வேண்டும்.

தூரத்துக் குரல்

1990களில் டில்லிப் பள்ளிக் குழந்தைகளிடையே "பட்டாசு வேண்டாம்" என்ற பிரசாரம் நடந்தது. சிவகாசியில் தங்கள் வயசுக் குழந்தைகள் படும் பாட்டைக் கேட்டு அவர்கள் மனம் இளகினார்கள். பிற்பாடு அதே வாசகம் காற்றின் மாசுக்காகவும் ஒலித்தது. 2005ல் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெடிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2018 அக்டோபரில் பேரியம் உப்பும் சரவெடியும் கூடாது, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே ஆலைகள் அடைபட்டன. பல மாதங்கள் பூட்டுத் தொங்கியது.

டில்லிக் குழந்தையின் இருமலும் பொய் அல்ல. வெம்பக்கோட்டைத் தாயின் அடுப்பும் பொய் அல்ல. டில்லியில் நல்ல எண்ணத்தோடு புறப்பட்ட சேதி, வெம்பக்கோட்டையில் "உனக்கு வேலை இல்லை" என்று காதில் விழுந்தது. 'நீரி' விஞ்ஞானிகள் கொண்டு வந்த பசுமைப் பட்டாசு இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். தூசி சுமார் முப்பது சதவிகிதம் குறையும் என்கிறார்கள். பாலம் குறுகலானதுதான், ஆனால் தொழிலாளி நாளைக் காலையில் எழுந்து செய்யக்கூடிய ஒரு காரியத்தை அது காட்டுகிறது.

இனி நம் பங்கு. தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும்போது லைசென்ஸ் உள்ள கடையில் வாங்குங்கள். பெட்டியின் மேல் 'நீரி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சரவெடியை யாராவது மறைவாக எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். சட்டத்துக்கு மறைந்து செய்த சரக்கு, பெரும்பாலும் பாதுகாப்புக்கும் மறைந்து செய்ததாகவே இருக்கும். தமிழ்நாட்டில் 2018 முதல் காலை ஆறு முதல் ஏழு வரை, மாலை ஏழு முதல் எட்டு வரை என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். அதற்குள் கொளுத்தி முடியுங்கள். மத்தாப்புக் கொளுத்தும் பேரனோ பேத்தியோ, "இதை யார் செய்தது, பாட்டி?" என்று கேட்டால், ஒரு காலத்தில் உன் வயசுக் குழந்தைகள் செய்தார்கள் என்றும், அதை நிறுத்த எத்தனை பேர் எத்தனை வருஷம் பாடுபட்டார்கள் என்றும் சொல்லிக் கொடுங்கள்.